சரிவில் இறங்கும் நாற்காலி

அவளுக்குப் பூசணி என்று பெயர் வைத்தது கல்லூரி. அப்பாவும் அம்மாவும் ஆசையாகத் தேடிப் பிடித்து வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆள் நல்ல வாட்டசாட்டம். அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இருக்கிற மற்றவர்கள் கொஞ்சம் ஒடுங்கிக்கொள்வார்கள். பூசணி என்று கூப்பிட்டால் கோபிக்க மாட்டாள், "என்னடா வேணும்?" என்று திரும்பிப் பார்ப்பாள். கோபித்துக்கொள்ளாதவளைக் கேலி செய்து என்ன சுகம்? கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

இறுதியாண்டுத் திட்டத்துக்கு அவளோடு இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவன் கணக்கு. டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டாலும் பேப்பரை எடுத்து ஏதாவது கிறுக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான். இன்னொருவன் வெல்டிங். இரும்பைக் கண்டால் எதோடாவது ஒட்டாமல் விடமாட்டான். தீப்பொறி பட்டுப் பொத்தல் விழாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. பூசணிக்கு என்ன வேலை என்றால், உட்காருவது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை.

அவர்கள் செய்தது ஒரு சக்கர நாற்காலி. கடல் தாண்டி இருக்கிற ஒரு ஊருக்கு. அங்கே வீடுகள் மேட்டில், கடைகள் பள்ளத்தில், நடுவில் கல்லும் சரளையுமாக ஒரு பாதை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உருளுகிற நாற்காலி அந்தப் பாதையில் பத்தடி போகாது. ஆகவே மூன்று சக்கரம், கைக்கு ஒன்றாக இரண்டு நெம்புகோல். நெம்புகோலை முன்னால் தள்ளினால் வண்டி போகும், பின்னால் இழுத்தால் நிற்கும். செயின், பல்சக்கரம், பால்ரஸ் எல்லாம் சைக்கிளுடையவை. உடைந்தால் அந்த ஊர் சைக்கிள் கடைக்காரரே மாற்றிவிடலாம், யாரும் விமானம் ஏறி வரவேண்டியதில்லை. அவர்கள் துறையில் இதற்குப் பொருத்தமான தொழில்நுட்பம் என்று பெயர்.

கல்லூரிப் பின்கட்டில் செங்கல்லும் ஜல்லியும் கொட்டி ஒரு சரிவு கட்டினார்கள். முதலில் மணல் மூட்டையைக் கட்டி வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு பூசணியை உட்கார வைத்தார்கள். "இவளைத் தாங்கினா உலகத்துல யாரை வேணும்னாலும் தாங்கும்" என்றான் வெல்டிங். ஒரு பருவம் முழுக்க அவள் ஏறினாள், இறங்கினாள், மழையில் நனைந்தாள், ஒரு தடவை கவிழ்ந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாதம் வைக்கிற தகட்டில் மட்டும் பச்சைப் பெயிண்ட் இரண்டு இடத்தில் தேய்ந்து இரும்பு தெரிந்தது. திட்ட அறிக்கைக்குப் படம் எடுக்கிற அன்றைக்கு வெல்டிங் முணுமுணுத்துக்கொண்டே அதை மறுபடி பூசினான். "செருப்புல ஆணி அடிச்சிருக்கியா நீ?" என்று வேறு கேட்டான்.

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்று பேரையும் நாற்காலியோடு அனுப்பி வைத்தார். ஒருவரிடம் கொடுத்து மூன்று வாரம் ஓட்டிப் பாருங்கள், சரியாக இருந்தால் அதே மாதிரி இன்னும் நாற்பது செய்யலாம் என்பது ஏற்பாடு.

அந்த ஒருவர்தான் தையல்கார அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் நாளில் கூரைத் தகட்டைப் பிடிக்கப் போய் சுவரிலிருந்து விழுந்தவள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. இடுப்புக்கு மேலே இருந்த அக்காவோ நாலு பேருக்குச் சமம். கத்தரிக்கோல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம், இரண்டும் ஓயாது. கையால் சுழற்றுகிற தையல் மெஷினை வைத்துக்கொண்டு பள்ளத்தில் கடை நடத்தினாள். பள்ளிச் சீருடை முதல் கல்யாண உடுப்பு வரை எல்லாம் அவள் கையில்தான்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அவள் எப்படி வந்தாள் என்று கேட்டால், தம்பியின் முதுகில். காலையில் முதுகில் ஏற்றிக் கடையில் கொண்டுவந்து வைப்பான். அப்புறம் தானியக் கிடங்குக்குப் போய் நாளெல்லாம் மூட்டை சுமப்பான். சாயங்காலம் வந்து அக்காவைச் சுமந்துகொண்டு மேலே போவான். ஏழு வருஷம், ஒரு நாள் தவறாமல். காய்ச்சல் வந்தால் காய்ச்சலோடு. இருபத்தாறு வயதுப் பையன் நடக்கும்போது பார்த்தால் முன்பக்கம் சாய்ந்தேதான் நடப்பான், முதுகில் யாரும் இல்லாதபோதும்.

அவனுக்குக் கப்பலில் வேலை வந்திருந்தது. சரக்குக் கப்பலில் சமையல்கட்டு. முன்னே இரண்டு தடவை வந்து, அக்காவை யார் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டான். இது மூன்றாவது. இனிமேல் கூப்பிட மாட்டார்கள். அதற்காகத்தான் அக்கா நாற்காலிக்குத் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். நாற்காலி சரிப்பட்டால் தம்பி துறைமுகத்துக்கு பஸ் ஏறுவான், சரிப்படாவிட்டால் மாட்டான். அவ்வளவுதான் விஷயம். இதை முதல் நாளே அவள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள்.

"பாருங்க இன்ஜினியருங்களா, நீங்க செஞ்சது வெறும் வண்டி இல்ல. என் தம்பியோட டிக்கெட்."

கணக்கு கையிலிருந்த பேப்பரை மடித்துப் பையில் வைத்தான்.

அந்த ஊர் மொழியைக் கல்லூரியில் மூன்று பேரும்தான் படித்தார்கள். பேச வந்தது பூசணிக்கு மட்டும். வாயாடிக்கு எந்த மொழியாக இருந்தால் என்ன? அதனால் பையன்கள் இருவரும் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்க, பூசணி அக்காவின் வீட்டிலேயே பாயைப் போட்டாள். ஒரே அறை, ஒரு ஜன்னல், கட்டிலுக்குக் கீழே துணி வெட்டுகள். தம்பிக்காரன் தடுப்புக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டான்.

முதல் நாள் மருத்துவமனை நர்ஸ் அவர்களுக்குப் பாடம் எடுத்தாள். "நமக்கு உட்கார்ந்த இடம் வலிச்சா அசைஞ்சு உட்காருவோம், நமக்கே தெரியாது. இவங்களுக்கு வலிக்காது. அதனால அசையவும் மாட்டாங்க. தோல் உரசினா அப்படியே புண்ணாயிடும். புண் ஆழமாப் போனா எலும்பு வரைக்கும் போகும். அப்புறம் ஆளே மிஞ்சறது கஷ்டம்." மூன்று பேரும் தலையாட்டினார்கள். நாற்காலி தயாராக வெளியே நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டிக்காட்டுகிற அவசரம் அவர்களுக்கு.

அக்கா முதல் தடவை சரிவில் இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. தம்பிக்காரன் கையை நீட்டியபடி பின்னாலேயே ஓடினான். கீழே போய் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னடா மூச்சு வாங்குது உனக்கு? வண்டியில வந்தது நான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெல்டிங் அழுதுவிட்டான். பிற்பாடு கண்ணில் தூசி என்றான்.

அன்றைக்கிருந்து தினமும் சாயங்காலம் கணக்கு வந்து கேள்வி கேட்பான். உட்கார வசதியாக இருக்கிறதா? இருக்கு. இறக்கத்தில் பயமாக இருக்கிறதா? இல்ல. மாற்ற வேண்டியது ஏதாவது? "ஒண்ணும் வேண்டாம்பா. தங்கமா இருக்கு" என்பாள். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பதை நூறாக்கலாமா என்று கணக்கு பேப்பரை எடுத்துவிட்டான். அக்கா இருக்கைக்கு ஒரு கறுப்பு உறை தைத்துப் போட்டுக்கொண்டாள். அதே துணியில் இடுப்புக்கு ஒரு பட்டை. "அழகுக்கு" என்றாள். தையல்காரி, அழகு பார்க்காமல் இருப்பாளா என்று யாரும் மேலே கேட்கவில்லை.

தம்பி புறப்பட இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் கடையில் அக்கா கத்தரி மேஜை மேல் உட்கார்ந்து பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி சும்மா கிடந்தது. புறப்படுவதற்குள் பளிச்சென்று துடைத்து வைப்போமே என்று பூசணி ஈரத்துணியும் கையுமாகக் கீழே உட்கார்ந்தாள். சக்கரத்தைத் துடைத்தாள், செயினைத் துடைத்தாள், பாதத் தகட்டுக்கு வந்தாள். தகடு புதுசாகவே இருந்தது. வெல்டிங் மறுபடி பூசின பச்சைப் பெயிண்ட் அன்றைக்கு இருந்த மாதிரியே, ஒரு கீறல் இல்லை.

கையில் துணியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல்லூரியில் இதே தகட்டை அவள் இரண்டு இடத்தில் தேய்த்திருந்தாள். எதனால்? இறக்கத்தில் உடம்பு முன்னால் சரியும். சரியாமல் இருக்கக் குதிகாலை அழுத்திக்கொள்வோம். நெம்புகோலைத் தள்ளுகிறபோதும் அப்படித்தான், கால் உதைத்துக்கொண்டால்தான் கை தள்ளும். அவளுக்கே தெரியாமல் அவள் கால்கள் ஒரு பருவம் முழுக்க அந்த நாற்காலியின் குறையை மறைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. மணல் மூட்டையைக் கட்டி வைத்திருந்தார்கள், அதுவும் சரியவில்லை. கால் வேலை செய்யாதவர்களுக்கு என்று நாற்காலி செய்துவிட்டு, காலை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். மூன்று பேர், நான்கு வருஷப் படிப்பு, ஒரு பேராசிரியர். ஒருத்தர் மண்டையில்கூட உறைக்கவில்லை.

அப்படியென்றால் அக்கா எப்படி இறங்குகிறாள்?

இடுப்புப் பட்டை அழகுக்கு இல்லை. எழுந்து கறுப்பு உறையைத் தூக்கினாள். கீழே கான்வாஸில், உட்காருகிற இடத்தில், பழைய கறை ஒன்றும் அதன்மேல் ஈரமாகப் புதிய கறை ஒன்றும் இருந்தன.

அக்கா பட்டனை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்து" என்றாள்.

பூசணி சாத்தினாள். "அக்கா, திரும்புங்க. நான் பாக்கணும்."

"ஒண்ணும் பாக்க வேண்டாம்."

"திரும்புங்கன்னு சொல்றேன்."

அக்கா கையை ஊன்றிக் குப்புறப் படுத்தாள். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கையில் பாதி அளவுக்குத் தோல் உரிந்து கிடந்தது. நடுவில் குழிய ஆரம்பித்திருந்தது. வலி தெரிகிற யாராவது இதை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார முடியாது. பூசணிக்குத் தன் உடம்பில் அதே இடம் எரிந்தது.

"எத்தனை நாளா?"

"முதல் வாரத்துல இருந்து. கண்ணாடி வெச்சுப் பாத்தேன்."

"ஏன் சொல்லல? தினமும் கேட்டோமே."

"சொன்னா என்ன பண்ணுவீங்க? வண்டியை எடுத்துட்டுப் போயி ரிப்பேர் பண்ணுவீங்க. அவன் பெட்டியைப் பிரிச்சு வெச்சிடுவான்." அக்கா முகத்தை மேஜையில் வைத்தபடியே பேசினாள். "ஏழு வருஷம்டி. என்னைச் சுமந்து சுமந்து அவனுக்கு முதுகே வளைஞ்சு போச்சு. கூடப் படிச்சவனுக்கெல்லாம் குழந்தை இருக்கு. இவன் என்னத்தைக் கண்டான்? அவன் பஸ் ஏறட்டும். அப்புறம் இந்த வண்டியை நீ குப்பையில போடு, என்னை வேணும்னாலும் போடு."

பூசணி ரொம்ப நேரம் வாதாடினாள். அக்காவிடம் அதெல்லாம் நடக்குமா? கடைசியில் பேரம் பேசினார்கள். நர்ஸிடம் உடனே காட்டவேண்டும், தம்பி போன மறுநிமிஷத்திலிருந்து நாற்காலியில் உட்காரக் கூடாது. இதற்கு அக்கா ஒப்புக்கொண்டாள். பதிலுக்குப் பூசணி தம்பியிடம் வாயைத் திறக்கக் கூடாது. அவளும் சரி என்றாள்.

நர்ஸ் மருந்து வைத்துக் கட்டினாள், இருவரையும் வாங்கு வாங்கென்று வாங்கினாள். புண் எலும்புக்குப் போகவில்லை. குப்புறப் படுத்தே இருந்தால் சில வாரத்தில் ஆறும். உட்கார்ந்தால் ஆறாது. "ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அத்தனையும் வீண்" என்றாள்.

பூசணி பையன்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வெல்டிங் முகத்தில் ஈயாடவில்லை. கணக்கு வழக்கம்போல் பேப்பரை எடுத்தான். எடுத்ததை எழுதாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"இருக்கையைப் பின்பக்கம் சாய்க்கணும்" என்றான் அப்புறம். "மார்புக்கு ஒரு தாங்கு. கீழ மெத்தை வேற மாதிரி. எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணணும்."

"நாளன்னிக்குள்ள?"

"முடியாது பூசணி. ஒரு மாசமாவது ஆகும். நமக்கு அடுத்த வாரம் ஃப்ளைட்."

"நான் போகல" என்றாள் பூசணி. யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபின் யோசித்துப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. பரீட்சை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். அப்பா கத்துவார், கத்தட்டும்.

தம்பி புறப்படுகிற காலையில் அக்கா நாற்காலியில்தான் வருவேன் என்று அடம் பிடித்தாள். வேறு வழியும் இல்லை. முதுகில் போனால் அவன் ஏன் என்று கேட்பான். பட்டையை இறுக்கிக்கொண்டு, ஒரு கையால் நெம்புகோலை இழுத்துப் பிடித்து, மறு கையால் இருக்கைச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். ஒவ்வொரு கல்லுக்கும் அவள் உடம்பு அரை அங்குலம் முன்னால் நகர்ந்து, பட்டையில் தட்டிப் பின்னால் வந்தது. அந்த அரை அங்குலத்தை இப்போது பூசணியால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அக்கா சிரித்துக்கொண்டே இறங்கினாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "என் தம்பி கப்பலுக்குப் போறான்" என்றாள்.

பஸ் நிலையத்தில் பஸ் நின்றிருந்தது, அதன் அடியில் மெக்கானிக் படுத்திருந்தார். காலிரண்டு மட்டும் வெளியே தெரிந்தன. எப்போது கிளம்பும் என்று கேட்டால் டிரைவர், "அவர் எந்திரிச்சதும்" என்றார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது. பூசணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள் என்று அக்காவுக்கு ஜாடை காட்டினாள். அக்கா கண்ணை உருட்டினாள், அதோடு கப்சிப்.

மெக்கானிக் எழுந்துகொண்டார். டிரைவர் ஏறி என்ஜினைக் கிளப்பினார். ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். தம்பிக்காரன் பெட்டியை மேலே போட்டுவிட்டு வந்தான். அக்காவின் எதிரே நின்று அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். அப்புறம் பூசணியை ஓரமாகக் கூப்பிட்டான். ஓரம் என்றால் நாலடி தூரம். அக்காவுக்கு எல்லாம் கேட்கும்.

"அக்கா ரெண்டு நாளா சிரிச்சிக்கிட்டே இருக்கா" என்றான். "இவ்வளவு சிரிக்கிற ஆளு கிடையாது. அவளை நான் கேட்டா தங்கம்னுதான் சொல்லுவா. முள்ளு மேல உட்கார வெச்சாலும் தங்கம்னுதான் சொல்லுவா. நீங்கதான் செஞ்சவங்க, நீங்க சொல்லுங்க. வண்டி நல்லா இருக்கா?"

அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பூசணி வாக்குக் கொடுத்திருந்தாள். நல்லா இருக்கு அண்ணா என்று இரண்டு வார்த்தை. சொன்னால் நிம்மதியாக ஏறிப் போய்விடுவான், நாளை முதல் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தாள். அவன் லேசாக முன்னால் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

"இல்லண்ணா" என்றாள். "நல்லா இல்ல. நாங்க தப்பா செஞ்சிட்டோம். அக்காவுக்குப் புண்ணாயிடுச்சு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பிக்காரன் நாற்காலிக்குப் போனான். குனிந்து பட்டையை அவிழ்த்தான். ஒரு கை முழங்காலுக்கு அடியில், ஒரு கை முதுகில், அப்படியே அவளைத் தூக்கினான். அக்கா கையால் உறையைப் பிடித்து மறைக்கப் பார்த்தாள். அவன் பார்த்துவிட்டான். நர்ஸ் போட்ட கட்டையும் மீறி ஈரம் வந்திருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போயிருப்பியா?"

அவன் தலையைத் திருப்பி பஸ்ஸைப் பார்த்தான். அக்காவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தார். கூட வந்திருந்த பையன்கள் இருவரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் இங்கதான் இருக்கப் போறேன்" என்றாள் பூசணி. "வண்டியைச் சரி பண்ணாம போக மாட்டேன். அது வரைக்கும் அக்காவை நான் தூக்கறேன். கடைக்கு, வீட்டுக்கு, நர்ஸ் கிட்ட. உட்கார விட மாட்டேன்."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "யாரையாவது தூக்கியிருக்கீங்களா?"

"இல்ல."

"திரும்பி நில்லுங்க."

பூசணி திரும்பி நின்றாள். முதுகில் பாரம் வந்து இறங்கியது. நினைத்ததைவிட அக்கா கனமாக இருந்தாள். கால்கள் தாமாக ஒன்றும் செய்யாமல் தொங்கின. "முட்டிக்குக் கீழ கையைக் கொடுங்க. தொடையைப் பிடிக்காதீங்க, தோல் இழுபடும். இடுப்பை வளைக்காதீங்க, முட்டியை மடக்கி எந்திரிங்க. இறக்கத்துல சைடா நடங்க. அவளைப் பேச விடுங்க, பேச்சை நிறுத்தினா பயந்துட்டான்னு அர்த்தம்." ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி அவள் கையை எடுத்து எடுத்து வைத்தான். "ஒரு சுத்து நடந்து வாங்க."

பஸ்ஸை ஒரு சுற்று நடந்து வந்தாள். ஜன்னல் வழியாக அத்தனை தலையும் எட்டிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

தம்பிக்காரன் தொங்குகிற அக்காவின் இடது பாதத்தைக் கையில் பிடித்தான். செருப்பு நழுவியிருந்தது, அதைச் சரியாக மாட்டினான். மாட்டியபின்பும் பாதத்தை விடவில்லை. அக்கா வேறு பக்கம் திரும்பியிருந்தாள், அவன் பிடித்திருந்தது அவளுக்குத் தெரியாது.

பிறகு விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினான்.

பஸ் போனது. டீசல் புகை அடங்கிற்று. பூசணி திரும்பி மேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். கணக்கும் வெல்டிங்கும் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தூரத்தில் பின்னால் வந்தார்கள்.

அக்கா பேசவில்லை. பேச்சை நிறுத்தினால் பயம் என்று அவன் சொன்னது இவளுக்கு ஞாபகம் வந்தது. "என் மேல கோவமா அக்கா?" என்று கேட்டாள்.

"வாயை மூடிட்டு நட."

நடந்தாள். தொடை நடுங்கியது, வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. பாதிச் சரிவில் கழுத்தில் வேறொரு ஈரம் பட்டது. தன் வியர்வை என்றுதான் முதலில் நினைத்தாள்.

"தெரிஞ்சும் போயிட்டான்" என்றாள் அக்கா.

"நீங்கதானே போகச் சொன்னீங்க."

"நான்தான் சொன்னேன். ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். ராத்திரி பகலா வேண்டிக்கிட்டேன்." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "தெரிஞ்சா போக மாட்டான்னு நினைச்சிட்டிருந்தேன் பாரு. அதனாலதானே மறைச்சேன். அவனுக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கு. ஒரு நாள், ஒரு வார்த்தை, என்கிட்ட காட்டிக்கல. படுபாவி."

அழுகையிலேயே சிரிக்கவும் செய்தாள். சிரித்தது அழுகையில் முடிந்தது. பூசணிக்கும் கண் கலங்கிவிட்டது. ஏறிக்கொண்டே இருந்தாள். வீடு தெரிகிற வளைவு வந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது. இன்னும் இருபது முப்பதடிதான்.

"நில்லு" என்றாள் அக்கா.

"வலிக்குதா?"

"எனக்கு என்ன வலி. சும்மா கொஞ்ச நேரம் இங்கேயே நில்லு. மேல போனா வீடு காலியா இருக்கும்."

பூசணிக்குக் கை மரத்துப் போயிருந்தது. முட்டியை லேசாக மடக்கி, அக்காவைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சரிசெய்துகொண்டு, அங்கேயே நின்றாள்.